சம்பளம் போடாத கணினி

யாருக்கு எவ்வளவு சம்பளம்? மளிகைக்கடை அண்ணாச்சி இதை ஒரு சிட்டை நோட்டில் முடித்துவிடுவார். கனடா அரசுக்கு நோட்டு போதவில்லை. பீனிக்ஸ் என்றொரு கணினித் திட்டம் போட்டது. ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்றார்கள். மிச்சம்! அரசாங்கம் இந்தச் சொல்லை உச்சரித்தாலே மடியைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊழியர்கள் சுமார் 2.9 லட்சம் பேர். சம்பள விதிகள் 80,000. யாருக்கு எந்தப் படி, யாருடைய விடுப்பு எந்தக் கணக்கில், எந்த விதிக்கு எந்தத் தகவல் வேண்டும்: முதலில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டுத்தான் கணினிப் பக்கமே போக வேண்டும். மேலதிகாரிகள் போட்டது வேறு கணக்கு. திட்டத்தைச் செய்துதர ஐபிஎம் நிறுவனம் கேட்டது 27.4 கோடி டாலர். கையில் இருந்தது 15.5 கோடி. கூடுதல் பணம் கேட்கக் கூச்சம். வேலையை வெட்டினார்கள். மென்பொருள் செய்ய வேண்டிய 984 பணிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை நீக்கப்பட்டன, அல்லது தள்ளிப்போடப்பட்டன. நிலுவைச் சம்பளம் போடும் பணியும் அதில் காலி. நிலுவையே இல்லாத அரசு ஊழியரை எந்த நாட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா?

முன்னோட்டச் சோதனை வைப்பதாக இருந்தார்கள். அதையும் ரத்து செய்தார்கள். சம்பள விதிகளைக் கரைத்துக் குடித்திருந்த 1,200 பேரின் பணியிடங்களையும் ஒழித்தார்கள். விஷயம் தெரிந்தவர்களை வெளியே அனுப்பிய பிறகு, 2016 பிப்ரவரியில் பொத்தானை அமுக்கினார்கள்.

சிலருக்குச் சம்பளம் குறைந்தது. சிலருக்கு வரவே இல்லை. வீட்டுக்கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது. சிலருக்கு அதிகமாக விழுந்தது. அவர்கள் பாடுதான் படுமோசம். வருடம் தாண்டிவிட்டால், பிடித்த வரியையும் சேர்த்து முழுத்தொகையைத் திருப்பிக் கட்டு என்றது அரசு. கைக்கே வராத காசை எங்கிருந்து எடுத்துக் கட்டுவது? இந்த அநியாயத்தைச் சட்டத்தில் திருத்த 2019 ஆனது.

புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று 2018-இல் எழுதினார் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன். அவருக்குப் புரியாமல் இருக்கலாம். வரி கட்டுகிற நமக்குப் புரியும். திட்டத்தை வெட்டியவர்கள் தங்கள் சம்பளத்தையா வெட்டினார்கள்?

மிச்சம் பிடிக்க வந்த திட்டம் 300 கோடி டாலருக்கு மேல் தின்றது. அதைத் தூக்கிப்போடப் போவதாக அரசு 2018 பட்ஜெட்டிலேயே அறிவித்தது. 2025-இலும் சம்பளம் அதில்தான் போட்டார்கள்.