இருடே, எண்ணிக்கிட்டு இருக்கேம்லா

டீச்சர் வீட்டுக்குப் போகிறவர்கள் சொல்ல வந்த விஷயத்தை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். செருப்பைக் கழற்றி, உள்ளே போய், உல்லன் உறை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, "டீச்சர், ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தால் தீர்ந்தது கதை. மடியிலிருந்து வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் எழும்பும். முகம் நிமிராது. மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனியில் நிற்கும். உதடு மட்டும் அசையும்.

"இருடே. எண்ணிக்கிட்டு இருக்கேம்லா. நாப்பத்தி ஒண்ணு, நாப்பத்தி ரெண்டு..."

ஊசியில் ஏற்றியிருப்பது 120 கண்ணி. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எண்ணிப் பார்க்காவிட்டால் டீச்சருக்குத் தூக்கம் வராது. 41-இல் நாம் போய் மாட்டினால் பாக்கி 79. அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் எண்ணிக்கை தப்பும். தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து. நாம் திறக்காவிட்டாலும் குக்கர் திறக்கும். கீரைக்காரி தெருமுனையில் குரல் கொடுப்பாள். செல்போனில் பேங்கிலிருந்து ஒரு பெண் லோன் வேண்டுமா என்று கேட்பாள். ஒவ்வொன்றுக்கும் டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டு, ஊசியைத் திருப்பிப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு" என்று தொடங்குவார். ஒரு தடவை, "டீச்சர், உங்க வீட்டு மோட்டார் ஓடுது, மாடியில டேங்க் நிரம்பி வழியுது" என்று சொல்லத்தான் போனேன். விரல் எழும்பியது. டீச்சர் 120-ஐத் தொட்டபோது மாடித் தண்ணீர் படி வழியே இறங்கி வந்து, நான் வந்த விஷயத்தைத் தானே சொல்லிவிட்டது.

எனக்கு அஞ்சாம் வகுப்பு எடுத்தவர். அப்போதும் இப்படித்தான். காலையில் வரிசையில் நிற்கவைத்துத் தலை எண்ணுவார். நடுவில் ஒருத்தன் தும்மினால் மறுபடி முதலிலிருந்து. ஓய்வு பெற்றபிறகு எண்ணுவதற்குப் பிள்ளைகள் இல்லை. கண்ணிகள் கிடைத்துவிட்டன.

வீட்டில் உறை போடாமல் மிச்சமிருப்பது சுவர்தான். பழைய டப்பா டிவிக்கு ஒரு உறை போட்டார்; டிவி தட்டையானதும் உறை தொளதொளவென்று தொங்கியது; அதை மிக்சிக்கு மாற்றினார். பிரிட்ஜ் கைப்பிடிக்கு ஒன்று, ரிமோட்டுக்கு ஒன்று, தண்ணீர்க் குடத்துக்கு ஒன்று. கதவுநிலையில் உல்லன் தோரணம். யாராவது வெறும் கையோடு, வெறும் கழுத்தோடு வந்து நின்றால் டீச்சரின் கண்ணில் ஒரு பளபளப்பு வரும். இஞ்சுடேப் எப்போது எடுத்தார் என்று தெரியாது, நம் தோளில் இருக்கும்.

இத்தனையும் எந்த ஊரில்? கங்கைகொண்டானில். சித்திரை மாதம் மத்தியானம் நாலுவழிச்சாலையில் தார் இளகும் ஊரில். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் அங்கே அருவி, இங்கே வெறும் காற்று. அங்கேயிருந்து கிளம்புகிற சிற்றாறு எங்கள் பாலத்துக்கு வந்துசேரும்போது பல மாதம் மணலாகத்தான் வந்துசேரும். சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் கர்ச்சீப்பை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். டீச்சர் அவர்களுக்கு முழுக்கை ஸ்வெட்டர் பின்னுகிறார். நியாயமாகப் பார்த்தால், ராஜேந்திர சோழனின் படை கங்கைக்குப் போன சமயத்தில் இவர் இருந்திருக்க வேண்டும். வடக்கே குளிருக்கு ஆளுக்கொன்று உதவியிருக்கும். ஆயிரம் வருஷம் பிந்திப் பிறந்துவிட்டார். அந்தச் சோழனின் பட்டப்பெயர் தாங்கிய ஊர்க்காரர்கள் நாங்கள் அனுபவிக்கிறோம். ஊருக்குப் பக்கத்தில் 2013-இல் அரசு மான் சரணாலயம் அறிவித்தது. அந்தப் புள்ளிமான்கள்தான் இன்னும் அளவு கொடுக்காமல் தப்பித்துத் திரிகின்றன.

ஏன் டீச்சர் இந்த வேலை என்று கேட்டால் இடையன்குடிக்குப் போய்விடுவார். "கால்டுவெல் ஐயர் சம்சாரம் எலைசா அம்மா சொல்லிக்கொடுத்த கைவேலைடே இது." கால்டுவெல் 1841-இல் இடையன்குடிக்கு வந்தார். 1844-இல் நாகர்கோவில் மிஷனரி மால்ட் ஐயரின் மகள் எலைசாவைக் கட்டினார். எலைசாவின் அம்மா மார்த்தா, நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். மகள் அந்தத் தொழிலை இடையன்குடித் தேரிக்காட்டுக்குக் கொண்டுவந்தார். அதுவரைக்கும் டீச்சர் சொல்வது சரி. ஆனால் அந்த லேஸ் வேறு. திண்டு மாதிரி ஒரு தலையணையில் மாதிரித்தாளை வைத்து, ஊசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு முடைவது. நல்ல வெள்ளை நூல், காற்றோட்டமான வேலை, இந்த வெயிலுக்கும் பொருந்தும். அதற்கும் இந்த நீல உல்லனுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்க ஆரம்பித்தேன். விரல் எழும்பிவிட்டது. ஐயர் மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதினார், அம்மா நூலைப் பிடித்தார். டீச்சர் அம்மாவிடமிருந்து நூலையும், ஐயரிடமிருந்து பிழை பொறுக்காத குணத்தையும் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

வேதத்திலும் ஆதாரம் வைத்திருக்கிறார். யோப்பா பட்டணத்துத் தொற்காள். விதவைகளுக்கு அங்கி தைத்துக் கொடுத்த புண்ணியவதி. செத்துப்போனபோது அந்த விதவைகள் அங்கிகளைக் காட்டிக் காட்டி அழுதார்களாம். நான் செத்தால் நீ எதைக் காட்டி அழுவாய் என்று டீச்சர் ஒருநாள் கேட்டார். பீரோவில் கீழ்த்தட்டு முழுக்க இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றேன்.

பின்னும்போது ஜெபம் ஓடும். நேர்வரிசை போகும்போது சொந்தக்காரர்களுக்கு, மறுவரிசையில் தெருக்காரர்களுக்கு. வரிசை முடிந்ததும் ஆமென் சொல்லிக் கண்ணி எண்ணுவார். ஜெபம் மனதுக்குள் இருந்தால் யாருக்கும் வருத்தமில்லை. முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற தொண்டை, தெருக்கோடிவரை கேட்கும். "ஆண்டவரே, எதிர்வீட்டுத் தம்பி பைக் டியூ மூணு மாசமாக் கட்டலை, அவனுக்கு ஒரு வழி காட்டும்." ஆண்டவருக்கு முன்னால் டீக்கடைக்காரருக்குக் கேட்டுவிட்டது, எனக்குக் கடன் நின்றுபோனது. போய்ச் சண்டை போட்டேன். "உனக்காக ஜெபிக்கும்போதுதான் ஒரு கண்ணி நழுவிட்டு பாத்துக்கோ. வேற யாருக்கும் நழுவலை" என்று ஸ்வெட்டரின் இடுப்புப் பக்கம் ஒரு ஓட்டையைக் காட்டினார். அதற்கும் நான்தான் குற்றவாளி.

டீச்சரின் கேக்கைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நன்றாக இருக்கும். குக்கரில் மணல் போட்டு, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் சுடுகிற கேக். கிஸ்மிஸையும் செர்ரியையும் திராட்சைச் சாற்றில் ஊறவைப்பார். ரம் என்ற வார்த்தையே அந்த வீட்டுக்குள் வராது. டிசம்பர் பிறந்தால் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு எல்லாம் எவர்சில்வர் தூக்கில் வீடு வீடாகப் போகும். தீபாவளிக்கு நாங்கள் கொடுத்த அதே தூக்கு. குறை சொல்ல வழியில்லாத விஷயத்தில் எழுதுகிறவனுக்கு என்ன வேலை? மேலே போவோம்.

அறுப்பின் பண்டிகை ஏலம் தெரியும்தானே? சபையார் தங்கள் வீட்டில் விளைந்ததையும் செய்ததையும் காணிக்கையாகக் கொண்டுவந்து கோயில் முற்றத்தில் குவிப்பார்கள். வாழைத்தார், பூசணிக்காய், சேவல், தேங்காய், கைமுறுக்கு. ஏலத்தில் விலை பொருளுக்கு இல்லை, மனசுக்கு. ஒரு எலுமிச்சம்பழம் 500 ரூபாய்க்குப் போகும்; எடுத்தவரே மறுபடி கோயிலுக்குக் கொடுப்பார், மறுபடி ஏலம் விடுவார்கள். நான் அந்தச் சபைக்காரன் இல்லை. அசன விருந்துச் சோற்றுக்குப் போனவன். வேப்பமர நிழலில் இலை போடுவதற்காகக் காத்திருந்தேன். சேவலுக்கும் பலாப்பழத்துக்கும் நடுவில் டீச்சரின் ஸ்வெட்டர் மேலே வந்தது. அரக்குச் சிவப்பு. ஏலம் விட்டவர் இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது.

"நூறு ரூவா. கேக்கிறவங்க கேக்கலாம்."

கூட்டம் சட்டென்று பூசணிக்காயைப் பார்க்க ஆரம்பித்தது. சபை ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐயரம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "ஒரு தரம்" என்று ஒரு மெல்லிய குரல். நான் தலையைத் திருப்பியபோது பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் டீச்சர். என்னைப் பார்க்கவில்லை. கைகளை மடியில் வைத்து, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். தலை எண்ணுகிறாரா, ஜெபிக்கிறாரா, தெரியவில்லை. என் கை தானாக உயர்ந்துவிட்டது. முன்னூறு ரூபாய். அடுத்து வந்த சேவல் ஆயிரத்து இருநூறுக்குப் போனது.

சாப்பிட்டுக் கைகழுவும் இடத்தில் பிடித்துக்கொண்டார். "நீதான் எடுப்பேன்னு தெரியும்டே. உன் அளவுலதான் போட்டேன்."

குளிர் வந்தால் போடலாம் என்று வைத்திருந்தேன். குளிர் என்று எங்கள் பக்கம் சொல்லிக்கொள்ளும்படி வந்தது 2023 டிசம்பர் 17, 18-இல்தான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது, வெறும் மணலாகக் கிடந்த சிற்றாறும் தன் பங்குக்குக் காட்டியது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. டீச்சர் குடைபிடித்து வீடு வீடாக ஸ்வெட்டர் கொடுத்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. இருட்டில் எல்லோரும் போட்டுக்கொண்டோம். ஓடு ஒழுகியது. தண்ணீர் குடித்த உல்லன் ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி கனம். காய எட்டு நாள் ஆனது. எட்டு நாளும் தெருமுழுக்க நனைந்த ஆட்டு வாசனை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஒன்றை மட்டும் சிரிக்க முடியவில்லை.

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ராத்திரியோடு ராத்திரியாகப் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, விடிகாலையில் பணமும் துணியும் எடுக்க ஊருக்கு வந்தேன். வீட்டுச் சாவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே நுழைந்தேன். "டீச்சர், அப்பாவுக்கு" என்றேன். விரல் எழும்பியது. நான் நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அஞ்சாம் வகுப்புப் பயமாக இருக்கலாம். அறுபது, அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. ஒரு மனுஷன் முகத்தைப் பார்த்தால் தெரியாதா? ஒரு வரிசை தப்பினால் என்ன, உருவிவிட்டு மறுபடி போட்டால் ஆயிற்று, உல்லன்தானே? சாவியை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பஸ்ஸில் எனக்கு வந்த கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

மத்தியானம் ஆஸ்பத்திரி வார்டுக் கதவில் டீச்சர். தூக்குச்சட்டி, பிளாஸ்க், பிளாஸ்டிக் பையில் ஊசியும் உல்லனும். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாற்காலியை அப்பா தலைமாட்டில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பையைத் திறக்கவில்லை. கொஞ்சநேரம் கழித்துப் பார்த்தால் கண்ணாடி மூக்கின் நுனியில், உதடு அசைகிறது, ஒரு கையில் வாட்ச். சாயங்காலம் நர்ஸ் வந்ததும் எழுந்து நின்றார். "நிமிஷத்துக்கு 20 சொட்டுன்னு டாக்டர் சொல்லிட்டுப் போனாரு. 26 விழுது. நாலு தடவை எண்ணிட்டேன்."

நர்ஸ் ஒன்றும் பேசாமல் திருகைச் சரிசெய்தாள். மூன்று நாள் அப்படி உட்கார்ந்திருந்தார். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். சித்திரை வெயிலில் காதுமூடிய உல்லன் தொப்பியோடு. அந்தக் காலைக்கு டீச்சரை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. அந்த மூன்று நாளையும் இந்தப் பக்கம் எழுதி நேர் செய்யவும் எனக்கு வரவில்லை.

இந்த ஆனியில் டீச்சருக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு கண்ணில் பச்சைத் துணி, இன்னொரு கண்ணுக்கும் இரண்டு வாரம் சிரமம் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பு. பார்க்கப் போனேன். வாசலிலேயே, "எப்படி இருக்கீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினேன். ஊசி மடியில் இருந்தது. கருநீலம், யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கை பழக்கத்தில் பின்னிவிட்டது, எண்ணத்தான் கண் இல்லை.

"நீ எண்ணிச் சொல்லுடே."

ஊசியை வாங்கிக்கொண்டேன். கண்ணி கண்ணியாக நகத்தால் தள்ளித் தள்ளி எண்ணினேன். சிறுசு சிறுசாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இத்தனை நாள் இதைத்தான் இவர் எண்ணிக்கொண்டிருந்தாரா என்று தலை சுற்றியது. வாசலில் யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

"118 டீச்சர்."

"120 இருக்கணும். அஞ்சாங்கிளாஸ்லயும் உனக்கு இதே கதைதான். திரும்ப எண்ணு."

திரும்ப எண்ணினேன். 118-தான் வந்தது.