ஐயாவுக்குத் தெரிய வேண்டாம்

ஐயாவுக்கு ஆணுறை பிடிக்காது. சுகம் குறைகிறதாம். இந்த ஒற்றைப் புகாரைச் சுற்றித்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகத்தின் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் பிரகாரம் வந்துகொண்டிருக்கின்றன.

1990-இல், தென்னாப்பிரிக்காவில் பிறந்த மருத்துவ ஆய்வாளர் ஜீனா ஸ்டைன் ஒரு கட்டுரை எழுதினார். எச்.ஐ.வி.யைத் தடுக்க, பெண் தானே பயன்படுத்திக்கொள்ளும் வழி ஒன்று வேண்டும் என்றார். பெண்ணின் உயிருக்காகக் கேட்ட கேள்வி அது. உலகமோ அதை ஐயாவின் விடுதலைப் பத்திரமாக வாசித்துக்கொண்டது. அப்பாடா, இனி அவரிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம்!

பிறந்தது ஜெல். ஒரு பிளாஸ்டிக் குழலில் அடைத்து, உறவுக்கு முன் அவள் உள்ளே செலுத்திக்கொள்ள வேண்டும். கிருமி சாக வேண்டும். ஐயாவின் சுகத்துக்கு மட்டும் ஒரு கீறல் விழக் கூடாது.

முதலில் நொனாக்ஸினால்-9. பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து நாடுகளின் பாலியல் தொழிலாளர்களிடம் சோதித்தார்கள். 2000-இல் டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் முடிவு வந்தது: அடிக்கடி பயன்படுத்திய பெண்களுக்குத் தொற்று கூடியிருந்தது. உட்சவ்வைப் புண்ணாக்கிக் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டது மருந்து. வேலியே பயிரை மேய்ந்தது. அடுத்து செல்லுலோஸ் சல்ஃபேட். இதற்கு நம் சென்னைப் பெண்களும் பாகல்கோட்டைப் பெண்களும் உடம்பைக் கொடுத்தார்கள். 2007 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. பிறகு கடற்பாசிச் சாற்றில் செய்த காரகார்டு. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தென்னாப்பிரிக்கப் பெண்கள், பலன் பூஜ்யம்.

2010-இல் ஒரு வெளிச்சம். ஆய்வாளர்கள் குவாரைஷா அப்துல் கரீமும் சலீம் அப்துல் கரீமும் தென்னாப்பிரிக்காவின் குவாஸுலு-நடாலில் 889 பெண்களிடம், எச்.ஐ.வி. மருந்தான டெனோஃபோவிர் கலந்த ஜெல்லைச் சோதித்தார்கள். எச்.ஐ.வி. 39 விழுக்காடு குறைந்தது, ஹெர்பிஸ் வைரஸ் 51 விழுக்காடு. வியன்னா எய்ட்ஸ் மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்ட வேண்டியதுதான், நானும் தட்டுவேன்.

ஆனால் அந்த ஜெல்லின் நேரக்கணக்கைக் கேளுங்கள். உறவுக்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் ஒரு குழல், பிந்தைய 12 மணி நேரத்துக்குள் இன்னொன்று. ஐயாவுக்கு எந்த ராத்திரி ஆசை வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? "நிகழும் மங்களகரமான" என்று பத்திரிகை அடித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முன்கூட்டியே அனுப்பிவைப்பாரா?

தென்னாப்பிரிக்காவில் 2,059 இளம்பெண்களிடம் மறுபடி சோதித்தார்கள். 2015-இல் முடிவு: பலனில்லை. அவர்களில் பெரும்பாலோர் பெற்றோரோடும் உடன்பிறந்தோரோடும் வசித்தவர்கள். ஒருத்தியை மட்டும் மனத்தில் நிறுத்திப் பாருங்கள். அம்மாவும் தங்கைகளும் படுத்திருக்கும் அறை. குழலை எங்கே ஒளிப்பாள்? மக்காச்சோள மாவு டப்பாவிலா, தலையணை உறைக்குள்ளா? காதலன் வீட்டுக்கு அவள் கிளம்பும்போது தனியாக ஒதுங்க ஒரு மூலை கிடைக்குமா? திரும்பி வந்து இரண்டாவதைப் போட? முடிந்த பிறகும் தூக்கிப் போட்டுவிட முடியாது. காலிக் குழல்களைச் சேர்த்து மாதாமாதம் ஆய்வு மையத்தில் கொடுத்தால் எண்ணிப் பார்ப்பார்கள். அவளுடைய ஒவ்வொரு குழலுக்கும் கணக்கு உண்டு. அவனுடைய ராத்திரிகளுக்குத்தான் கணக்குப்பிள்ளை கிடையாது.

அதற்கு முன்பே, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்களோடு நடந்த இன்னொரு சோதனையில் குட்டு உடைந்தது. தினமும் மருந்தைப் பயன்படுத்துகிறோம் என்றார்கள். ஜெல் வாங்கிப் போனவர்களின் இரத்தத்தைப் பார்த்தால் நான்கில் ஒரு மாதிரியில்தான் மருந்து இருந்தது. "பெண்கள் பொய் சொல்லிவிட்டார்கள்" என்று மேடைக்கு மேடை பெருமூச்சு. எவனிடமிருந்து தப்ப இந்தக் குழலோ, அவன் சொன்ன பொய்யை எந்த ஆய்வுக்கூடம் அளந்தது? அவன் இரத்தத்தை எந்த மாநாட்டில் வரைபடமாகப் போட்டார்கள்?

இது ஆப்பிரிக்கக் கதை என்று யாரும் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எழ வேண்டாம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதே 1986-இல், சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் தலைமையில்தான். பின்னர் அவர் நடத்திய மையத்துக்குத் தொற்றோடு வந்த பெண்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். தாலி கட்டியவர் சீராகக் கொண்டுவந்து கொடுத்தது அது. கற்பைப் பற்றி ஊரெல்லாம் மேடை போட்டு முழங்குகிறோமே, கிருமிக்குக் கற்பு தெரியாது ஐயா. நீங்கள் போய் வந்த இடம் மட்டும்தான் தெரியும்.

எச்.ஐ.வி.யைத் தடுக்கும் ஜெல் எதுவும் இன்றுவரை மருந்துக்கடைக்கு வரவில்லை. ஐயாவின் எழுச்சிக்கான வயாகரா 1998-லேயே வந்துவிட்டது.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்றவில்லை என்று 2024-இல் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிடுகிறேன். வயிற்றில் போடுகிற ஊசி அது. வயிறு இந்த முறையும் அவளுடையதுதான். அமெரிக்காவில் அறிவித்த விலை, வருடத்துக்கு 28,218 டாலர்.

ஆணுறை நம் அரசு மருத்துவமனையில் இலவசம். 1968-இலிருந்து நிரோத் இருக்கிறது. ஐயா, போகிற வழியில் இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள்.