நீலப் புள்ளியின் விண்ணப்பம்

பெறுநர்: கூகுள் நிறுவனத்தார், மவுண்டன் வியூ, கலிஃபோர்னியா.
நகல்: மைக்ரோசாஃப்ட், ரெட்மண்ட்.
பொருள்: தங்கள் வரைபடத்தில் நீலப் புள்ளியாகத் தெரியும் அடியேன் இருக்கும் இடம் தொடர்பாக.

ஐயா,

அனுப்புநர் முகவரி எழுதாதது மரியாதைக் குறைவால் அல்ல. தங்களுக்குத் தெரிந்ததைத் தங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் அல்லவா?

முதலில் ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டும்: 'ஆஃப்'. எங்கள் தெருவில் சுவிட்சை அணைத்தால் விளக்கு அணைந்துவிடும். (அணைக்காமலே அணைவதும் உண்டு, அது வேறு இலாகாவுக்கான மனு.) தங்கள் ஆண்ட்ராய்டில் 'லொகேஷன் ஹிஸ்டரி'யை அணைத்தவர் நிம்மதியாகத் தூங்கப் போனார். பக்கத்து அறையில் 'வெப் அண்டு ஆப் ஆக்டிவிட்டி' என்றொரு விளக்கு எரிந்துகொண்டே அவர் போன இடமெல்லாம் குறித்துக்கொண்டிருந்தது. 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் இதைப் போட்டு உடைத்தது. 2022 நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டீர்கள். ஒரு சுவிட்சுக்கு இவ்வளவு கரண்ட் பில் யாருக்கும் வந்ததில்லை.

2017-இல் இன்னும் அழகு. இருப்பிடச் சேவையை அணைத்து, சிம்மையும் கழற்றிவிட்ட போன்கூடப் பக்கத்து டவரின் எண்ணைத் தங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததாகக் குவார்ட்ஸ் எழுதியது. மெசேஜ் வேகமாகப் போய்ச் சேரத்தான் யோசித்துப் பார்த்தோம், சேமிக்கவில்லை, நிறுத்திவிடுகிறோம் என்றீர்கள். சரி.

என் மனக்குறை வைஃபை பற்றியது. ஜிபிஎஸ் எட்டாத இடத்தில் சுற்றியுள்ள ரவுட்டர்களை அடையாளம் வைத்துத்தான் போன் எங்கே இருக்கிறது என்று கணிக்கிறீர்கள். அந்தக் கணக்கில் ஒவ்வொரு வீட்டு ரவுட்டரும் சம்பளமில்லாத மைல்கல். வேண்டாம் என்பவருக்கு 2011-இல் வழி சொன்னீர்கள்: வைஃபை பெயரின் கடைசியில் அடிக்கோடு போட்டு 'நோமேப்' என்று சேர்க்க வேண்டும். விண்டோஸ் 10 வந்த 2015-இல், வைஃபை கடவுச்சொல்லை நண்பர்களோடு பகிரும் வசதி வேண்டாம் என்பவரிடம் மைக்ரோசாஃப்ட் கேட்டதோ 'ஆப்ட்அவுட்'. அவர்களுக்கு அது பெயரில் எங்கே இருந்தாலும் போதுமாக இருந்தது. தங்களுக்கு வாலில்தான் வேண்டும். ஆகவே 'முருகன்துணை' என்றிருந்த என் வைஃபையை 'முருகன்துணை_ஆப்ட்அவுட்_நோமேப்' ஆக்கினேன். முருகன் எப்போது தாத்தா இவ்வளவு படித்தார் என்கிறான் பேரன்.

வைஃபை பெயருக்கு மொத்தமே 32 ஆங்கில எழுத்துதான் இடம். இந்த இரண்டு வாலுக்கே 13 போயிற்று. இன்னும் இரண்டு கம்பெனி வால் கேட்டால் முருகனை வெளியே நிறுத்த வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்கு வெள்ளையடித்ததும் சொந்தக்காரரே சுவரில் 'விளம்பரம் செய்யாதீர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கெடுத்துக்கொள்வார். ஒட்ட வருபவர் கையில் பசை வாளி. எழுதும் வேலை மட்டும் வீட்டுக்காரருக்கு. இது எங்கள் உள்ளூர் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே பணிவான கோரிக்கை: தாங்களும் தங்கள் பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடு போட்டு 'கேட்டுக்கொண்டுஎடுப்போம்' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். இருக்கும் இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். தங்களுக்கு 32 எழுத்துக் கட்டுப்பாடு இல்லை.

பதிலை மாலை ஐந்தரைக்கு அனுப்பலாம். அப்போது டாக்டர் சொன்ன நடைப்பயிற்சியில் இருப்பதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன். புள்ளி முனை டீக்கடையில் மெதுவடைக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் அசையாமல் நின்றால், அதைத் தாங்கள் காணவில்லை.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள
நீலப் புள்ளி