இண்டெக்ஸ் அண்ணன்

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் மாடிக்கு ஒரு இண்டெக்ஸ் அண்ணனாவது இருப்பார். டேட்டாபேஸ் மந்தமாக இருக்கிறது என்று யாராவது முனகினால் போதும், வாக்கியம் முடிவதற்குள் "இண்டெக்ஸ் போட்டியா?" என்பார். எக்ஸ்ப்ளெயின் ஓட்டி, குவெரி எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கும் பழக்கம் இல்லை. நாடி பிடிக்காமலே கஷாயம் கொடுக்கிற வைத்தியர்.

இவர் பொறுப்பிலுள்ள ஆர்டர் டேபிள் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்கிறது. அதில் ஃபீல்டு 22, இண்டெக்ஸ் 27.

"அதெப்படி ஜி, ஃபீல்டைவிட இண்டெக்ஸ் கூட இருக்கு?"

"ரெண்டு ரெண்டா சேர்த்தும் போட்டிருக்கேன்ல!"

போட்டிருக்கிறார்தான். கஸ்டமர், தேதி என்று ஒன்று. தேதி, கஸ்டமர் என்று இன்னொன்று. மனசு கேட்காமல் கஸ்டமருக்குத் தனியாகவும் ஒன்று. முதல் இண்டெக்ஸே கஸ்டமரில்தான் தொடங்குகிறது, தனியாகக் கேட்டாலும் அதுவே தேடிக் கொடுக்கும் என்று சொன்னால், "சேஃப்டிக்கு இருக்கட்டும்" என்பார்.

ஸ்டேட்டஸ் ஃபீல்டின் கதை இன்னும் சுவாரசியம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ஆர்டர் 'டெலிவர்டு'. அதைத் தேடும்போது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இவருடைய இண்டெக்ஸைச் சீந்தாமல் டேபிளையே முழுசாகப் படித்துவிடும், அதுதான் மலிவு. ஆபீஸ் தினமும் கேட்பது 'பென்டிங்' ஆர்டர்களை. அவற்றுக்கு மட்டும் பார்ஷியல் இண்டெக்ஸ் போட்டால் கையடக்கமாக முடிந்துபோகும். ஆனால் அண்ணனுக்கு அந்தப் பெயரே ஆகாது. "பாதி வேலையெல்லாம் நமக்குப் பழக்கமில்லை தம்பி."

1970-இல் போயிங் ஆய்வகத்திலிருந்து பேயரும் மெக்ரைட்டும் இந்த இண்டெக்ஸ்களுக்கு அடிப்படையான பி-ட்ரீயை வெளியிட்டார்கள். பல கோடி வரிசையில் ஒன்றை நாலைந்து தாவலில் எடுத்துத் தருகிற அற்புதம். அந்த வேகத்துக்கு விலையும் உண்டு. புது ஆர்டர் ஒன்று விழுந்தால் 27 மரத்திலும் ஏறி எழுதிவிட்டுத்தான் இறங்க வேண்டும். இன்சர்ட் ஏன் இழுக்கிறது என்று மீட்டிங் போட்டால், அங்கேயும் இவர் கேட்பது அதே கேள்விதான்.

பெரிய தள்ளுபடி நாளன்று காலை பதினொரு மணிக்கு, ஓடுகிற டேபிளின் மேல் 28-ஆவதைக் கட்டத் தொடங்கினார். டேபிளில் எழுத்து வேலை அத்தனையும் நின்றது. ஆர்டர்கள் வரிசையில் நின்றன. மேனேஜர் எழுந்தே நின்றார். கூடவே 'கன்கரன்ட்லி' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால், நேரம் கூடுதலாகப் பிடித்தாலும் வியாபாரம் நின்றிருக்காது. 2006-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 8.2 பதிப்பிலிருந்தே அந்த வசதி இருக்கிறது. அண்ணனுக்கு டைப் அடிக்கச் சோம்பல்.

போட்ட இண்டெக்ஸை எடுக்கச் சொன்னால்தான் முகம் வாடும். 14 இண்டெக்ஸை இதுவரை ஒரு குவெரிகூடத் தொட்டதில்லை என்று கணக்கைக் காட்டினாலும், "வருஷக் கடைசி ரிப்போர்ட்டுக்கு ஆகும்" என்பார். இதில் பாதி நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ரிப்போர்ட் ரெப்ளிகா சர்வரில் ஓடினால், அந்த உபயோகம் மெயின் சர்வர் கணக்கில் ஏறாது. ஆனால் அண்ணன் அதைத் தெரிந்து சொல்லவில்லை.

போன வாரம் ஒரு ஜூனியர் வந்தான். ஆர்டர் தேதியை ஃபங்ஷனுக்குள் போட்டு வருஷத்தை உருவித் தேடியிருந்தான். தேதிக்கு இண்டெக்ஸ் இருந்தும் குவெரி அதைத் தொடவில்லை. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று நேராகக் கேட்டிருந்தால் ஓடியிருக்கும். அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அதே தேதிக்குப் புதிதாக ஒன்று போட்டார். பெயர்: ஐடிஎக்ஸ்_டேட்_ஃபைனல்_நியூ_2.