ஒரு புடவை, ஒன்பது ரவிக்கை

"இதை எப்பவோ பாத்த மாதிரி இருக்கா?" என்று சித்தி கேட்டால் அவசரப்பட்டு வாயைத் திறக்காதீர்கள். "போன வருஷம் வளைகாப்புக்குக் கட்டினதுதானே?" என்றீர்களோ, தொலைந்தீர்கள். அன்றைக்குப் போட்டது பொன்னிற டிஷ்யூ ரவிக்கையாம், இடுப்பில் ஒட்டியாணமாம். இன்றைக்குக் கலம்காரி, ஒட்டியாணம் கிடையாது. இரண்டும் ஒன்றா என்பார். சரி, "புதுசா சித்தி?" என்று கேட்டுத் தப்பிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. "அதே புடவைதாண்டி, ஏமாந்தியா!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிப்பார். அடுத்து செல்போன் வெளியே வரும். ஒரே புடவை, ஒவ்வொரு படத்திலும் ஒரு சித்தி. "இதுல எது கிருகப்பிரவேசம், எது நிச்சயதார்த்தம், சொல்லு பாக்கலாம்." அங்கே கெட்டிமேளம் கொட்டும். கையில் அட்சதையோடு நான் இங்கே பரீட்சை எழுதிக்கொண்டிருப்பேன்.

புடவையைக் குறை சொல்ல முடியாது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரையே நிறத்துக்குச் சூட்டிக்கொண்ட எம்.எஸ். ப்ளூ, காஞ்சிபுரம் பட்டு. அரக்குக் கரையைத் தனி நாடாவில் நெய்து உடலோடு கோத்த கோர்வை. நீலத்துக்கு ஒரு ரவிக்கை, கரைக்கு ஒன்று, ஜரிகைக்கு ஒன்று என்று மூன்றோடு நிறுத்தியிருக்கலாம். வரவேற்புக்கு வெல்வெட் தைத்து முந்தானையை மடிக்காமல் கையில் வழியவிட்டார். சங்கீத்துக்கு சேட்டு வீட்டுப் பெண்கள் மாதிரி முந்தானையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பழைய மாணவர்கள் கூடியபோது உள்ளே போட்டிருந்தது சித்தப்பாவின் வெள்ளைச் சட்டை. சித்தப்பா அன்றைக்குப் பனியனோடு வீட்டில் இருந்தார்.

மார்கழிக் கச்சேரிக்கு மட்டும் விட்டுக்கொடுத்துத்தான் பேச வேண்டும். சாதாரண பருத்தி ரவிக்கை, தலையில் மல்லிகைச் சரம், எம்.எஸ். மாதிரியே இரண்டு பக்கமும் மூக்குத்தி. ஒரு பக்கம் அழுத்துகிற மூக்குத்திதான், தனி ஆவர்த்தனத்தின்போது கழன்று விழுந்தது. ஆனாலும் அன்றைக்குச் சித்தி அவ்வளவு அழகு. அவரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அவர் சொல்லும் சிக்கனக் கணக்குதான். "ஒரே புடவையில காலத்தை ஓட்டுறேன், நீங்க மாசத்துக்கு ஒண்ணு வாங்குறீங்க" என்று எங்களுக்குப் புத்தி சொல்வார். ஆரி வேலை செய்த ஒரு ரவிக்கைக்குக் கொடுக்கும் கூலியில் நல்ல கைத்தறிப் புடவையே வாங்கிவிடலாம். இது வரைக்கும் ஒன்பது ரவிக்கை ஆகிவிட்டது. புதுசு புதுசாக மடித்துப் பின் குத்தியதில் தோள்பட்டைப் பக்கம் பட்டு சல்லடையாகிக் கிடக்கிறது. அதை மறைக்கத்தான் அடுத்த ரவிக்கைக்கு மேல் ஒரு ஜாக்கெட் கோட்டாம். ஒவ்வொரு விசேஷத்துக்கும் மண்டியிட்டுக் கொசுவம் பிடிப்பவள் நான்தான். இதனாலேயே இரண்டு முகூர்த்தத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இதைப் படிக்கும் தையற்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீலப் பட்டில் ஒரு துண்டு நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் கடைக்குள் வந்தால், தீபாவளி வரைக்கும் ஆர்டர் எடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். மாசம் தை ஆனாலும் பரவாயில்லை.