முன்னது மெலிந்து பின்னது தடித்தல்: புனே நகரத்து ஸ்போர்ட்ஸ் கார் குறித்தோர் ஆய்வு

புனேயில் பிறந்த தலையாய ஸ்போர்ட்ஸ் கார் டாட்டா நானோவே என்பது இக்கட்டுரையின் துணிபு. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். சற்று நேரத்தில் மில்லிமீட்டர் கணக்கு வந்துவிடும். அதன்பின் வாய்ப்பு வாய்க்காது.

ஸ்போர்ட்ஸ் கார் எது என்று இதுவரை ஆராய்ந்தோர் எஞ்சினைப் பார்த்தார்கள், விலையைப் பார்த்தார்கள், கூரை திறக்கிறதா என்று பார்த்தார்கள். நிறம் சிவப்பாக இருந்தால் போதும் என்ற கட்சியும் உண்டு. குனிந்து டயரைப் பார்த்தவர் குறைவு. வண்டிக்கும் பூமிக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் எல்லாம் உள்ளங்கை அகலமுள்ள நான்கு இடங்களில்தான் நடக்கிறது. ஆகவே ஆய்வைத் தரையிலிருந்து தொடங்குவதே முறை. அதற்கென யாம் யாத்த நூற்பா வருமாறு:

முன்னது மெலிந்து பின்னது தடித்தல்
விரைவூர் திக்குரிய இலக்கணம் என்ப.

முன் டயர் ஒல்லியாகவும் பின் டயர் பருமனாகவும் அமைந்த வண்டியே ஸ்போர்ட்ஸ் கார் என்றவாறு. ‘என்ப’ என்றது, யார் சொன்னது என்று எவரும் கேளாமைப் பொருட்டு.

இனி சான்றுகள். டயரின் பக்கவாட்டில் இருப்பது ஒரு கல்வெட்டு. 2019-இல் வந்த 992 தலைமுறை போர்ஷே 911 கரேராவின் முன் டயரில் 235/40 ZR19 என்று பொறித்திருக்கும். 235 என்பது அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது பக்கச்சுவரின் உயரம்; ஆனால் மில்லிமீட்டரில் அன்று, அகலத்தில் 40 சதவீதம். 19 என்பது உள்ளே இருக்கும் டிஸ்கின், அதாவது ரிம்மின், விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மெட்ரிக், சதவீதம், அங்குலம் என மூன்றையும் கலந்து எழுதி, அதை உலகம் முழுக்க ஒப்புக்கொள்ளவும் வைத்திருக்கிறது டயர்த் தொழில். முழத்தையும் கஜத்தையும் சதவீதத்தையும் கலந்து வேட்டி விற்றுப் பாருங்கள், தெரியும் சேதி. இடையில் நிற்கும் R, உள்ளே நூலிழைகள் குறுக்காக ஓடும் ரேடியல் வகை என்பதைக் குறிக்கும். 1946-இல் மிஷெலின் கண்டது. Z என்றால் 240 கிலோமீட்டர் வேகத்துக்கு மேலும் தாங்கும். புனேயில் அந்த எழுத்துக்கு வேலை இல்லை. அலங்காரமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அதே 911-இன் பின் டயர் 295/35 ZR20. முன்னதைவிட 60 மில்லிமீட்டர் அகலம். நூற்பா பொருந்துகிறது. இப்போது நானோ. முன் டயர் 135/70 R12. பின் டயர் 155/65 R12. எஞ்சின் பின்னால், இயங்கும் சக்கரங்களும் பின்னால். 911-க்கும் அப்படியே. இந்தியச் சாலைகளில் இவ்விரண்டு இலக்கணமும் ஒருங்கே அமைந்து, பேர் சொன்னால் குழந்தைக்கும் தெரிகிற வண்டிகளை எண்ணினால் ஒரு கையில் பாதி விரல்கூட மடங்காது.

இவ்விடத்தில் மூவர் எழுந்து நிற்கிறார்கள். முதலாமவர், நானோ புனே வண்டியே அன்று, குஜராத்தின் சானந்த் தொழிற்சாலையில் அல்லவா செய்தார்கள் என்கிறார். ஆனால் கிரிஷ் வாக் தலைமையிலான குழு அதை உருவாக்கியது புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் உள்ள டாட்டா மோட்டார்ஸ் ஆராய்ச்சி மையத்தில். 2008 ஜனவரி 10 அன்று டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ரத்தன் டாட்டா அதை ஓட்டிவந்து காட்டினார். பிறகு சிங்கூர், பந்த்நகர், சானந்த் என்று அலைந்தது. பிழைக்கப் போன ஊரை வைத்துப் பிறந்த ஊரைத் தீர்மானிப்பதானால் புனேயின் ராஸ்தா பேட்டில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழர்களுக்கு என்ன பதில் சொல்வது?

இரண்டாமவர் அவந்தியைக் கொண்டுவருகிறார். 2012-இல் திலீப் சாப்ரியா காட்சிப்படுத்திய டிசி அவந்தி, ரெனோ டர்போ எஞ்சினை நடுவில் வைத்து, புனேக்குப் பக்கத்தில் தளேகாவில் தயாரானது. இந்த மண்ணின் பிள்ளைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆய்வுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது எப்போதாவது சாலையில் கண்ணில் பட வேண்டும். நானோ இரண்டரை லட்சத்துக்கு மேல் விற்றது; இன்றைக்கும் பிம்ப்ரிப் பக்கம் மர நிழலில் ஒன்றாவது நிற்கும். மூன்றாமவர் வாய் திறக்குமுன் கணக்குக்குப் போய்விடுவோம்.

911-இன் முன் டயர்: 235-இல் 40 சதவீதம், பக்கச்சுவர் 94 மில்லிமீட்டர். நானோவின் முன் டயர்: 135-இல் 70 சதவீதம், 94.5 மில்லிமீட்டர். மறுபடி படிக்கலாம். ஒன்றரைக் கோடிக்கு மேல் விலையுள்ள வண்டிக்கும் ஒரு லட்ச ரூபாய் வண்டி என்று பேர் வாங்கிய வண்டிக்கும் பள்ளத்துக்கும் டிஸ்குக்கும் நடுவே இருக்கும் ரப்பர் உயரத்தில் வித்தியாசம் அரை மில்லிமீட்டர். அதுவும் நானோவின் பக்கம் கூடுதல். பின்னால் 103.25-க்கு எதிராக 100.75. இது தற்செயல் என்று சொல்வோர் சொல்லட்டும். ஆய்வுலகில் தற்செயல் என்பது இன்னும் மானியம் கிடைக்காத கருதுகோள்.

பக்கச்சுவர் உயரத்தை நாம் இவ்வளவு தூரம் பற்றிக்கொள்வதற்குக் காரணம் ஜூலை மாதம். மழை தொடங்கி மூன்று வாரம் ஆனதும் நகரத்துத் தார்ச்சாலை தன் உண்மையான வடிவத்தைக் காட்டும். பள்ளத்தின் விளிம்பில் டயர் மோதும்போது பக்கச்சுவர் நசுங்கி டிஸ்கோடு ஒட்டும். உயரம் குறைவாக இருந்தால் உள்ளே நூலிழை அறுந்து சைடில் பலூன் விடும். இன்னும் மோசமானால் அலாய் நெளியும். இங்கே இரு வண்டிக்கும் தடுப்பு ஒன்றேதான். ஆனால் 911 சுமார் 1,500 கிலோ, நானோ 600. ஒரே கனத்துத் தலையணையில் யானையும் ஆட்டுக்குட்டியும் படுத்தால் எது தரையை உணரும் என்பதை வாசகரே அறிவர். நேர்மையாக எதிர்க்கணக்கையும் வைத்துவிட வேண்டும். 911-இன் முன் சக்கரத்தின் முழு விட்டம் 671 மில்லிமீட்டர், நானோவுடையது 494. சிறிய சக்கரம் பள்ளத்துக்குள் ஆழமாக இறங்கும். பெரியது மேலோடு உருண்டு கடந்துவிடும். ஆக, நானோ உள்ளே விழும், அடி குறைவு. 911 விழாது, விழுந்தால் அலாய் செலவு. எது மேல் என்பது அவரவர் இன்ஷூரன்ஸைப் பொறுத்தது.

அகலத்திலும் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. 911-இன் நான்கு டயர் அகலத்தையும் கூட்டினால் 1,060 மில்லிமீட்டர். நானோவுக்கு 580. இதை எடையால் வகுத்தால், ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 911 வைத்திருப்பது சுமார் 71 மில்லிமீட்டர் டயர். நானோ வைத்திருப்பது 97. அதாவது தன் தகுதிக்கு மீறி டயர் போட்டிருப்பது நானோதான். ஸ்போர்ட்ஸ் காரின் குணமே தகுதிக்கு மீறுவது அல்லவா? இக்கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. டயர் தரையைத் தொடும் பரப்பை ஏறக்குறைய முடிவு செய்வது அதன் மேலுள்ள எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமுமே. அகலத்தைக் கூட்டினால் அந்தப் பரப்பு பெரிதாவதைவிட வடிவம் மாறுவதே அதிகம்: நீளவாக்கில் இருந்தது குறுக்குவாக்கில் ஆகும், வளைவில் பிடி கூடும். அகல டயர் வாங்கியவர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். செலவழித்த பணத்துக்கு ஒரு மரியாதை உண்டு.

பின் டயர் ஏன் தடிக்க வேண்டும்? 911-க்குக் காரணம் பாதி வெளிப்படை: 385 குதிரைசக்தியைத் தரையில் இறக்க இடம் வேண்டும். நானோவிடம் இருந்தது 35. அதை இறக்க சைக்கிள் டயரே தாராளம். எனவே நானோவின் காரணம் வேறு. 911-க்கும் உள்ளூர அதே காரணம் உண்டு. வளைவில் எந்த டயரும் கொஞ்சம் பக்கவாட்டில் வழுகித்தான் திரும்பும். முன்பக்கம் முதலில் பிடியை விட்டால் வண்டி நேரே போகப் பார்க்கும். ஓட்டுபவர் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். வேகம் குறைந்து பிடி திரும்பும். பின்பக்கம் முதலில் விட்டால் வண்டி சுழலும். வந்த வழியை இன்னொரு முறை பார்க்கலாம். எஞ்சின் கனம் பின்னால் இருக்கும் வண்டிக்கு இரண்டாவது விதியே எழுதியிருக்கும். அதை மாற்றத்தான் முன்னதை மெலிய வைத்துப் பின்னதைத் தடிக்க வைக்கிறார்கள்.

இந்த ஞானத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1960 மாடலாக அமெரிக்காவில் செவர்லே கார்வேர் என்று எஞ்சினைப் பின்னால் வைத்த கார் வந்தது. நான்கும் ஒரே அளவு டயர். டயர் அளவில் செய்திருக்க வேண்டியதைக் காற்றில் செய்தார்கள்: முன்னுக்கு 15 பவுண்டு, பின்னுக்கு 26 என்று கையேட்டில் எழுதினார்கள். கையேட்டை யார் படிக்கிறார்? பெட்ரோல் பங்கில் நான்குக்கும் சமமாகவே அடித்தார்கள். ரால்ஃப் நேடர் 1965-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் முதல் அதிகாரமே இந்தக் கார்தான். பங்கில் காற்றடிக்கும் பையன் எந்த நாட்டிலும் “தீஸ்-தீஸ்?” (முப்பது-முப்பதா?) என்றுதான் கேட்பான் என்ற மானுடவியல் உண்மையை டெட்ராய்ட் அறிந்திருக்கவில்லை. பிம்ப்ரி அறிந்திருந்தது. அதனால்தான் வேறுபாட்டைக் காற்றை மட்டும் நம்பி விடாமல் ரப்பரிலேயே செதுக்கி வைத்தது.

ஆனாலும் பயனாளி சும்மா இருப்பதில்லை. புனேயின் கட்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மதுரைக்காரர் ஒருவர், எனக்கு அண்ணன் முறை கொண்டாடுபவர், தன் நானோவின் முன் டயர்கள் மொட்டையானதும் நான்கையும் 155/65 ஆக்கிவிட்டார். “135 கேட்டா கடையில சிரிக்கிறான் தம்பி. நாலும் ஒண்ணா இருந்தா ஸ்டெப்னிக்கும் ஈசி” என்றார். டயர்க் கடைக்காரர் கணக்கில் இது பாஸ்: அளவு மாற்றினால் முழு விட்டம் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள், இங்கே 2.5 தான். இயற்பியலில் ஃபெயில். அவருடையது 2014-க்கு முந்தைய வண்டி, பவர் ஸ்டீயரிங் இல்லை. முதல் வாரமே பார்க்கிங்கில் ஸ்டீயரிங் கனத்தது. காத்ரஜ் காட் இறக்கத்தில் வால் லேசாகிவிட்டதாக அண்ணியே சொன்னார். மெலிய வேண்டியதைத் தடிக்க வைத்ததன் விளைவு என்று நூற்பாவைச் சொல்லி விளக்கினேன். “அப்ப பின்னாடிக்கு 175 போட்ருவமா?” என்றார். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனின் மனநிலை உலகெங்கும் இதுதான்.

அளவை விட்டு வகைக்கு வந்தால் சொல்ல அதிகமில்லை. பந்தயத் தளத்துக்கான, ஏறக்குறைய வழவழப்பான அரை-ஸ்லிக் டயர்களை இந்த ஊரில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பூட்டி வைப்பது நலம். நீரை வெளியே தள்ளும் வாய்க்கால்கள் அவற்றில் குறைவு. தேங்கிய நீரில் டயர் எந்த வேகத்தில் தரையை விட்டு மிதக்கும் என்பதற்கு நாசா ஆய்வாளர்கள் 1960-களில் விமானச் சக்கரங்களை வைத்து ஒரு சூத்திரம் கண்டார்கள்: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் கடல்மைல் வேகம். 30 பவுண்டுக்கு அது மணிக்கு 91 கிலோமீட்டர். 36 பவுண்டுக்குச் சரியாக 100. மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேயின் சமதளப் பகுதியில் கார்களுக்கான வேக வரம்பும் 100. மழைநாளில் காற்று குறைந்த, பட்டன் தேய்ந்த டயரோடு போகிறவர் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோ மிதந்துகொண்டிருக்கிறார்.

அந்த 100-இலிருந்தே இன்னொரு சான்றும் கிடைக்கிறது. 911 கரேராவின் உச்ச வேகம் 293. அதை வாங்கியவர் எக்ஸ்பிரஸ்வேயில் சட்டப்படி அனுபவிக்க முடிவது மூன்றில் ஒரு பங்கு. நானோவின் உச்ச வேகம் 105. சட்டத்தை மதித்தே அதன் திறமையில் 95 சதவீதத்தைப் பிழிந்தெடுக்கலாம். ஒரு வண்டியை அதன் எல்லைவரை ஓட்டும் இன்பம்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் லோணாவ்ளாவுக்கு இப்பால் அந்த இன்பம் யாருக்கு வாய்க்கிறது என்பது தெளிவு. போதாதவர்களுக்காகக் கோவையின் ஜே.ஏ. மோட்டார்ஸ்போர்ட் ஒரு நானோவின் எஞ்சினைத் தூக்கிவிட்டு 1.3 லிட்டர் எஞ்சினை வைத்து 200 குதிரைசக்தியைத் தாண்ட வைத்தது. சூப்பர் நானோ என்று பெயர். எமது துணிபைக் கொங்கு நாடு முன்பே ஏற்றுக்கொண்டது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

எஞ்சியது நட்டு. சாதாரணச் சிறிய காருக்குச் சக்கரத்துக்குப் பெரும்பாலும் நான்கு. 911 கரேராவுக்கு ஐந்து. ஆனால் போர்ஷே தன் பந்தய வாரிசான 911 ஜிடி3-க்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு மட்டும் வைக்கிறது. ஆக, நட்டு குறையக் குறைய பந்தயக் குணம் கூடுகிறது. நானோவுக்கு மூன்று. ஐந்தைவிட மூன்று ஒன்றுக்கு அருகில் இருப்பதால் இந்த ஓர் அளவுகோலில் கரேராவே பின்தங்குகிறது. மகாராஷ்டிர நெடுஞ்சாலைகளில் பஞ்சர் கடை வைத்திருப்பவர்களில் மலையாளிகள் ஏராளம். சத்தாரா ரோட்டில் அப்படி ஒரு கடையில் மேற்படி மதுரை அண்ணனின் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கிய சேட்டன், சக்கரத்தை வெகுநேரம் பார்த்தார்.

“சாரே, நட்டு மூணே உள்ளல்லோ. நாலாமத்தது எவிடெ போயி?”

“கம்பெனியே அவ்வளவுதான் குடுத்திருக்கான் சேட்டா.”

சேட்டன் எழுந்து போய் மற்ற மூன்று சக்கரத்தையும் எண்ணிவிட்டு வந்தார். அண்ணன் தோளில் கை வைத்தார்.

“ஸாரமில்லா சாரே. பதுக்கெ ஓடிச்சா மதி.”