மலையில் எரிந்து மதுரையில் அணையும் விளக்கு: ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலை வட்டாரத்தில் வீடு கீழே, ஏலத்தோட்டம் மேலே என்று வாழ்வோர் பலர். இடையில் போடிமெட்டுச் சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகள். முன்பு இவர்களைச் சுமந்த ஜீப்பின் மீட்டர் போர்டில் எரிவதற்கு விளக்குகளே சொற்பம். கோளாறு வந்தால் சத்தம் வரும், முற்றினால் புகை வரும். இன்றைய எஸ்யூவியோ தும்முவதற்கு முன்பே விளக்கேற்றி விடுகிறது.

வகைப்பாடு

உரிமையாளர் புகார்களை மணப்பன, ஒலிப்பன, ஒளிர்வன என மூன்றாகப் பகுக்கலாம். வளைவுக்கு வளைவு அரைக் கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடிப்பதால் எழும் தீய்ந்த வாடை முதல் வகை. சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்து பள்ளத்தில் எழும் 'டொக்டொக்' இரண்டாம் வகை. இவ்விரண்டுக்கும் மூக்கும் காதுமே சாட்சி. மூன்றாம் வகையான மீட்டர் போர்டு எச்சரிக்கை விளக்கு மட்டும் சாட்சி சொல்ல வந்த இடத்தில் பல்டி அடிக்கும்.

கருதுகோள்

ஒளிரும் கோளாறு, மதுரை சர்வீஸ் சென்டரிலிருந்து வண்டி நிற்கும் தூரத்துக்கு நேர் விகிதத்தில் வளரும். அதன் வாசலில் பூஜ்யமாகும்.

நிரூபணம்

தடயம் மூன்று கட்டமாக அழிகிறது. முதலில் வெயில். மலை மூடுபனியில் ஒயர் கனெக்டருக்குள் இறங்கிய ஈரம், மதுரை வரையிலான சுமார் 90 கிலோமீட்டரில் பானட் சூட்டில் காய்ந்துவிடும். அடுத்து நீர். ஏபிஎஸ் விளக்கு எரிவதற்குச் சக்கரத்து சென்சாரை அப்பிய தோட்டத்துச் சேறே போதும். வண்டி உள்ளே நுழைந்ததும் மரியாதைக்கு வாட்டர் வாஷ் செய்கிறார்கள். குற்றவாளி சாக்கடையில் போகிறான். கடைசியாகக் கணினி.

"பழைய எரர் கோடு ஒண்ணு இருந்துச்சு சார், அழிச்சுவிட்டாச்சு. இப்ப ஒண்ணும் காட்டல."

"நேத்து சாயங்காலம் பூப்பாறையில எரிஞ்சுச்சே தம்பி?"

"இங்க எரியலையே சார்."

இவ்வுரையாடலுக்குப் பின் பில்லில் 'செக்டு ஓகே' என்று பதிவாகிறது. ஒருவேளை வண்டியை விட்டுவிட்டு வரச் சொன்னாலும் கவலையில்லை. 2010 இறுதியில் நின்றுபோன மதுரை–போடி ரயில் 2023 ஜூன் முதல் மீண்டும் ஓடுகிறது. அதில் விளக்கு எரிந்தால் கவனிக்க வேண்டியது பயணி அல்ல.

மறுப்பும் விளக்கமும்

போடி ஒர்க்‌ஷாப் மரபினர் இக்கருதுகோளை ஏற்பதில்லை. "எர்த்து விட்டிருக்கும்ணே" என்பதே அவர்கள் சித்தாந்தம். எர்த் ஒயரின் முனை துருப்பிடித்தாலோ பேட்டரி தளர்ந்தாலோ சம்பந்தமில்லாத பல விளக்குகள் ஒருசேர எரியும் என்பது மெய்யே. ஆயினும் அவர்கள் அதைச் சொல்வது ஸ்டியரிங் ஆடினாலும்தான்.

பரிந்துரை

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு நிறுவனத்துக்கு அரசு உத்தரவிடலாம். அதற்கு ஒரு வழி, புகார்கள் கணிசமாகச் சேர்வது. எனவே, எரியும் விளக்கைக் கிலோமீட்டர் எண்ணும் தெரியும்படி செல்போனில் படம் பிடிக்கவும். ஜாப் கார்டில் 'மீட்டர் லைட்' என்று இரண்டு சொல்லில் முடிக்க விடாமல் எங்கே, எப்போது, எந்த விளக்கு என்று எழுத வைத்து நகல் வாங்கவும். எரர் கோடை அழிக்கும் முன் அதன் எண்ணைக் கேட்டுக் குறிக்கவும்.

அனைத்துக்கும் மேலாக, வண்டியைச் சேற்றோடு கொண்டுபோய், பார்த்து முடித்த பிறகு கழுவச் சொல்லவும்.